ஈயை மாற்றுவதற்கு முன் நிற்கும் இடத்தை மாற்றுங்கள்

கேள்வி: வசந்த காலத் தொடக்கம். குளிர்காலத்தில் பனியும் மழையும் குறைவாக இருந்ததால் ஆறு முழங்கால் அளவுக்கு இறங்கி, கண்ணாடி மாதிரித் தெளிந்து கிடக்கிறது. ட்ரௌட் மீன்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரிகின்றன. ஆனால் ஈயை (முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த போலிப் பூச்சி) போட்டதும் ஓடிவிடுகின்றன. ஓடாதவை திரும்பியும் பார்ப்பதில்லை. ஈயின் அளவைக் குறைத்தேன், ஈயைக் கட்டும் நுனி நரம்பை 7எக்ஸ் வரை (எக்ஸ் எண் ஏற ஏற நரம்பு மெலியும்) மெல்லியதாக்கினேன், பலனில்லை. மடுவின் வால்பகுதியில், விழுந்து கிடக்கும் மரத்தடியில் ஒரு பெரிய மீன் தினமும் நிற்கிறது. மூன்று நாளாக அதைத் துரத்திவிட்டதுதான் மிச்சம். எங்கே தவறு செய்கிறேன்?

பதில்:

ஈயைப் போட்டதும் ஓடுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அது ஈயைப் பார்த்து ஓடுவதில்லை. நீங்கள் கரையில் வந்து நின்றபோதே பாதி முடிவு செய்துவிட்டது; தலைக்கு மேல் லைன் (ஈயைச் சுமந்து போகும் தடித்த தூண்டில் கயிறு) வீசியபோது மீதியும் முடிந்தது. ஈ போய் விழுந்த நேரமும் அது கிளம்பிய நேரமும் ஒன்றாக அமைந்ததால் பழி ஈயின் மேல் விழுகிறது. நானும் முதல் இரண்டு வருடங்கள் இப்படித்தான் ஈப்பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். நீர் நிறைந்து ஓடும்போது அலையும் கலங்கலும் நம் பிழைகளை மறைத்துவிடும். வற்றித் தெளிந்தால் அந்தத் திரை போய்விடுகிறது, அவ்வளவுதான்.

முதலில் மீனுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று பார்ப்போம். நீருக்கு மேலே உள்ள உலகம் முழுவதும் மீனுக்கு ஒரு வட்டச் சாளரம் வழியாகத்தான் தெரியும். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், ஏறத்தாழ 97 டிகிரி அகலமுள்ள ஒரு கூம்புக்குள் வானம், மரம், கரை, மனிதன் எல்லாமே அடங்கிவிடும். அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகி ஆற்றடியையே பிரதிபலிக்கும். சாளரத்தின் அளவு மீன் நிற்கும் ஆழத்தைப் பொறுத்தது. 60 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு வட்டத்தின் குறுக்களவு சுமார் 136 செ.மீ. மேலே வந்து 15 செ.மீ. ஆழத்தில் நின்று பூச்சி பொறுக்கும் மீனுக்கு அது வெறும் 34 செ.மீ.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. மேற்பரப்புக்கு அருகில் நிற்கும் மீனுக்கு ஈயைத் துல்லியமாகப் போட்டாக வேண்டும். ஒரு முழம் தள்ளி விழுந்தால் அது சாளரத்துக்குள் வரவே வராது. "திரும்பியும் பார்ப்பதில்லை" என்று நீங்கள் சொன்ன மீன்களில் சில, ஈயை உண்மையாகவே பார்த்திருக்காது. இரண்டாவது, சாளரத்தின் விளிம்பில் காட்சிகள் நசுங்கி மங்கலாகிவிடும். நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதுவும் மீனுக்குத் தெளிவாகத் தெரியாது. கணக்குப் போட்டால், 10 மீட்டர் தொலைவில் அந்தக் கோடு சுமார் 1.75 மீட்டர் உயரத்தில் போகும். 6 மீட்டரில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அதாவது 10 மீட்டரில் ஆற்றுக்குள் நிற்பவர் ஓரளவு தப்பிப்பார், 6 மீட்டரில் மண்டியிட்டே ஆக வேண்டும். கரை நீருக்கு மேலே ஒரு மீட்டர் உயர்ந்திருந்தால் அந்த உயரத்தையும் உங்கள் உயரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். கரைமேல் நிமிர்ந்து நின்று மீனைத் தேடுபவர் மீனுக்கு வானத்தில் நடப்பட்ட கம்பம்.

ஆகவே ஆற்றின் கீழ்ப்புறத்திலிருந்து ஓட்டத்துக்கு எதிராக மேலே போங்கள். ட்ரௌட் ஓட்டத்தை எதிர்நோக்கித்தான் நிற்கும். வாலுக்கு நேர் பின்னால் ஒரு குறுகிய பகுதி மட்டும் அதன் கண்ணுக்கு எட்டாது. அந்தப் பக்கமிருந்து, குனிந்து, மெதுவாக. மெதுவாக என்றால் நீங்கள் நினைக்கும் மெதுவைவிட இன்னும் மெதுவாக. நீரில் நடக்கும்போது உங்கள் முழங்காலிலிருந்து கிளம்பும் அலை ஒரு தூண்டில் கோல் நீளத்தைத் தாண்டிப் போனால் வேகம் அதிகம் என்று அர்த்தம். கரையில் பேசிக்கொண்டிருப்பது மீனுக்கு அநேகமாகக் கேட்காது, காற்றிலிருந்து நீருக்குள் புகும் ஒலி மிகக் குறைவு. ஆனால் கூழாங்கல் உரசும் சத்தம், ஆணி பதித்த காலணி பாறையில் கீறும் சத்தம், கரையில் தொப்பென்று வைக்கும் காலடி எல்லாம் அதன் காதுக்கும், அதிர்வை உணரும் உடலோரப் பக்கக்கோட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். நீருக்குள் இறங்காமலே போட முடிந்தால் இறங்காதீர்கள். வெள்ளைத் தொப்பி, பளபளக்கும் கைக்கடிகாரம் இவையெல்லாம் வீட்டில் இருக்கட்டும். கொக்கு மீன்பிடிப்பதை ஒருமுறை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். அது ஒரு காலைத் தூக்கி மறுபடி வைப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நம்மில் பலர் நான்கு முறை வீசி முடித்திருப்போம்.

மீனைக் கண்டதும் வீசக் கூடாது. ஐந்து நிமிடம் அதைப் பாருங்கள். இரை தேடும் மீன் நீரின் நடுவில் அல்லது மேலே மிதந்து, இடமும் வலமுமாக நகர்ந்து எதையோ எடுத்துவிட்டு மறுபடி தன் இடத்துக்கு வரும். அவ்வப்போது வாய் திறந்து ஒரு வெண்மை மின்னும். இந்த மீனைப் பிடிக்கலாம். அடியோடு ஒட்டி, துடுப்பை விறைத்து, அசையாமல் கிடக்கும் மீன் உங்களைப் பார்த்துவிட்டது. ஓடவில்லையே தவிர, இரை எடுப்பதை நிறுத்திவிட்டது. அதன்மேல் எத்தனை ஈ போட்டாலும் வீண். பின்வாங்கி உட்காருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பல மீன்கள் மறுபடி ஆடத் தொடங்கும். இதையெல்லாம் பார்க்க நீரின் பளபளப்பை மறைக்கும் போலராய்டு கண்ணாடி கட்டாயம். மீனைத் தேடாமல் அதன் நிழலைத் தேடுங்கள். உடல் கூழாங்கல் நிறத்தில் கரைந்துவிடும், ஆற்றடியில் விழும் நிழல் கரையாது.

அடுத்து நேரம். வசந்தத் தொடக்கத்தில் விடியற்காலையில் போய் விறைத்து நிற்பதில் பெரிய லாபமில்லை. இரவில் நீர் 4 அல்லது 5 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியிருக்கும், மீனும் பூச்சியும் மந்தமாகவே கிடக்கும். ஆழம் குறைந்த ஆறு வேகமாகச் சூடேறும், அதே வேகத்தில் குளிரும். அதனால் முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிவரைதான் அந்தப் பருவத்தின் நல்ல நேரம். ஒரு சிறிய வெப்பமானியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 10 டிகிரியை நெருங்கும்போது ஆற்றில் ஒரு மாற்றம் தெரியும். 12 முதல் 15 வரை பிரவுன் ட்ரௌட் நன்றாகத் தின்னும். பருவம் முற்றி, நீர் இன்னும் குறைந்து, 19, 20 டிகிரியைத் தொட்டால் கோலை மடித்துவிடுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த மீன், விட்ட பிறகும் செத்துப்போகக்கூடும்.

வானம் மூடியிருக்கும் நாள் நமக்கு நல்ல நாள். லேசான காற்று நீர்ப்பரப்பைச் சுருக்கினால் இன்னும் நல்லது. "காற்று இருக்கிறது, வீச முடியாது" என்று சிலர் திரும்பிப் போவார்கள். தெளிந்த ஆற்றில் அந்தச் சுருக்கம்தான் உங்களை மறைக்கும் போர்வை.

பூச்சிகளுக்கு வருவோம். இந்தப் பருவத்தில் முக்கியமானது மேஃப்ளை. நம் ஈசலைப் போலச் சிறகு முளைத்த பின் அற்ப ஆயுள், ஆனால் இனம் வேறு. கல்லடியில் நிம்ஃபாக, அதாவது சிறகில்லாத இளம்பூச்சியாக, மாதக்கணக்கில் வாழ்ந்து, ஒருநாள் மேலே வந்து தோலை உரித்துச் சிறகோடு நீரில் மிதக்கும். இந்த நிலைக்கு டன் என்று பெயர். கரைக்குப் பறந்த பிறகு மறுபடி ஒருமுறை தோலுரித்து முழு வளர்ச்சி அடையும். சிறகு வந்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி இது ஒன்றுதான். தூறலும் குளிருமான நாளில் டன் சட்டென்று பறக்க முடியாமல் நெடுந்தூரம் நீரில் மிதந்துபோகும், ட்ரௌட்டுக்கு விருந்து. மழை மூட்டத்தில் ஆலிவ் நிற மேஃப்ளைகள் வெளிவரும்போது நல்ல வேட்டை கிடைப்பதற்குக் காரணம் இதுதான். இவை தவிர மிட்ஜ் எனும் கொசுவளவுப் பூச்சி எந்நாளும் இருக்கும். ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ் என்ற மற்ற இரு நீர்ப்பூச்சிகளும் ஆற்றைப் பொறுத்து. வட கோளத்தில் இந்த வசந்தப் பருவம் மார்ச் முதல் மே வரை, தென் கோளத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈப்பெட்டியில் நிறைய வேண்டாம். 16 முதல் 20 வரையான முள் எண்களில் (எண் ஏற ஏற முள் சிறிதாகும்) நான்கைந்து வகை போதும். சாம்பல் நிற ஆடம்ஸ் ஈயைப் பாராசூட் முறையில் (இறகைக் கிடையாகச் சுற்றி) கட்டியது ஒன்று. 1922இல் மிச்சிகனில் லெனர்டு ஹாலடே கட்டிய ஈ அது. குறிப்பிட்ட எந்தப் பூச்சியும் இல்லை, பல பூச்சிகளின் சாயல் இருக்கிறது, அதனாலேயே நூறாண்டு தாண்டியும் பெட்டியில் இடம் பிடித்திருக்கிறது. அடுத்து சிடிசி இறகில் கட்டிய எமர்ஜர், அதாவது பாதி தோலுரித்த நிலையில் நீர்ப்படலத்தில் தொங்கும் பூச்சி. வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள இந்த இறகு காற்றைப் பிடித்து வைத்து மிதக்கும். இதில், ஈ மிதப்பதற்காகப் பூசும் களிம்பைப் பூசினால் இழைகள் ஒட்டிக்கொண்டு கெட்டுவிடும். தெளிந்த நீரில் உயர்ந்து நிற்கும் புசுபுசு ஈயைவிட, படலத்தோடு படிந்து கிடக்கும் ஈதான் நம்பும்படி இருக்கும். மூக்கு மட்டும் தெரிய அமைதியாக உறிஞ்சும் மீனுக்கு எமர்ஜர்தான் என் முதல் தேர்வு.

இப்போது உங்கள் 7எக்ஸ். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. 5எக்ஸ் நரம்பின் தடிமன் சுமார் 0.15 மி.மீ., 6எக்ஸ் 0.127, 7எக்ஸ் 0.10. மீன் நரம்பைக் கண்டு விலகுவதைவிட, நரம்பு ஈயை இழுப்பதால்தான் அதிகம் விலகுகிறது. பக்கத்தில் மிதக்கும் நுரைக்குமிழியைவிட ஈ சற்று வேகமாகவோ மெதுவாகவோ போனால், நம் கண்ணுக்குத் தெரியாத அந்த இழுப்பு மீனுக்குத் தெரிந்துவிடும். மெல்லிய நரம்பு உதவுவது பெரும்பாலும் அது குழைவாக இருப்பதால்தான், மறைவாக இருப்பதால் இல்லை. அந்தக் குழைவை 6எக்ஸை நீளமாகக் கட்டியே பெறலாம். லீடர், அதாவது லைன் முனையிலிருந்து ஈவரை போகும் நரம்பு, மொத்தம் 12 முதல் 14 அடி, அதில் நுனி நரம்பு மட்டும் ஒரு மீட்டருக்கு மேல். 7எக்ஸில் பெரிய மீனைப் பிடித்தால் நீண்ட நேரம் இழுத்து அலைக்கழிக்க வேண்டிவரும், அது மீனுக்கும் கேடு. மேலே மிதக்கும் ஈக்கு நைலான், அடியில் போகும் நிம்ஃபுக்கு ஃப்ளோரோகார்பன். இரண்டாவது நீரைவிட நன்றாகக் கனமானது, மேலே மிதக்கும் உலர் ஈயையும் கூடவே மூழ்கடிக்கப் பார்க்கும்.

நரம்பின் தடிமனைவிட அதன் நிழலைப் பற்றிக் கவலைப்படுங்கள். மேற்பரப்பில் மிதக்கும் நரம்பு படலத்தைக் குழித்து, வெயிலில் ஆற்றடியில் கயிறுபோல் தடித்த நிழலைப் போடும். கடைசி அரை மீட்டரை மூழ்கவிட்டால் அந்த நிழல் அடங்கிவிடும். அதற்காக விற்கும் பசை, முகத்துக்குப் பூசுவோமே அந்த முல்தானி மெட்டியும் பாத்திரம் கழுவும் திரவமும் கிளிசரினும் குழைத்ததுதான். வீட்டிலேயே செய்யலாம்; நரம்பின் மினுமினுப்பும் எண்ணெயும் போய்விடும். கோல் 8.5 அல்லது 9 அடி, 3 அல்லது 4 எண் லைன் (எண் குறையக் குறைய எடை குறைவு). லைன் பச்சை, சாம்பல் போன்ற மங்கல் நிறமாக இருக்கட்டும்.

வீச்சில் ஒரே ஒரு விதி: மீனின்மேல் லைன் போகக் கூடாது, காற்றிலும் சரி, நீரிலும் சரி. ஈ நீரைத் தொடாத வெறும் வீச்சுகளை மீனை விட்டுத் தள்ளி, பக்கவாட்டில் வீசி நீளத்தை அளந்துகொண்டு, கடைசி வீச்சை மட்டும் மீன் பக்கம் திருப்புங்கள். கோலைத் தலைக்கு மேல் உயர்த்தாமல் இடுப்புயரத்தில் கிடையாக வீசினால் மினுக்கமும் நிழலும் குறையும். நேர் பின்னால் நின்று வீசினால் லீடர் மீனின் முதுகின்மேல் விழும். சற்றுப் பக்கத்தில் நகர்ந்து, சாய்வாக மேல்நோக்கி வீசி, ஈ மீனுக்கு ஒரு மீட்டர் முன்னால் விழும்படி பாருங்கள். ஈ தாண்டிப் போன பிறகும் உடனே பிடுங்காதீர்கள். லைன் முழுவதும் மீனைக் கடந்து கீழே வந்த பிறகு ஓசையில்லாமல் எடுங்கள். முதல் வீச்சில்தான் வாய்ப்பு அதிகம், இரண்டாவதில் பாதி, ஐந்தாவதில் அநேகமாக ஒன்றுமில்லை. இது என் அனுபவக் கணக்கு, அறிவியல் என்று சொல்லமாட்டேன். மீன் எழுந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் நல்ல செய்தி. இரண்டு நிமிடம் விட்டு, ஒரு அளவு சிறிய ஈயைக் கட்டுங்கள்.

மேலே எதுவும் எழவில்லையென்றால் நிம்ஃப், அதாவது நீருக்கடியில் போகும் ஈ. ஆழமற்ற நீரில் பெரிய தக்கையும் தலையில் உலோகமணி கோத்த கனத்த நிம்ஃபும் கல்லெறிந்த மாதிரிதான். வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃப்ராங்க் சாயர், ஃபெசன்ட் பறவையின் வாலிழையையும் மெல்லிய செப்புக் கம்பியையும் மட்டும் வைத்து ஒரு நிம்ஃப் கட்டினார். கட்டுவதற்கு நூலே கிடையாது, கம்பியே நூல், கம்பியே எடை. தெளிந்த நீரில் கண்ணுக்குத் தெரியும் மீனுக்காகவே பிறந்த ஈ. மீனுக்கு முன்னால் ஒன்றிரண்டு மீட்டர் மேலே போட்டு, அதன் மட்டத்துக்கு மூழ்கவிட்டு, நெருங்கும்போது கோல் நுனியை ஒரு சாண் உயர்த்துங்கள். நிம்ஃப் மேலெழும்பித் தப்பிக்கப் பார்ப்பது போலிருக்கும், மீன் பல நேரம் யோசிக்காமல் பிடித்துவிடும். தக்கை வேண்டாம், மீனையே பாருங்கள். அது பக்கம் திரும்பினால், வாய் வெளுத்தால், தூக்குங்கள். தூக்குவது என்றால் 6எக்ஸில் வெடுக்கென்று இழுப்பதில்லை, லைனை இறுக்கினால் போதும். உலர் ஈயை மெதுவாக உறிஞ்சும் மீனுக்கு, அது தலையைக் கீழே திருப்பும்வரை பொறுக்க வேண்டும். பெரிய மீன்கள் என்னிடமிருந்து தப்பியதில் முக்கால்வாசி இந்த ஒரு நொடி அவசரத்தால்.

எங்கே தேடுவது? நீர் குறைந்ததும் மீன்கள் மறைவும் ஆக்சிஜனும் உள்ள இடத்துக்கு ஒதுங்கும். மடுவின் தலையில் சலசலத்து விழும் நீர், வேக நீரும் மெதுநீரும் உரசும் கோடு, கரை குடைந்த இடம், பாறைக்கு முன்னும் பின்னும் உள்ள குழி. சலசலக்கும் நீரில் சாளரமே உடைந்து கிடப்பதால் நாலைந்து மீட்டர்வரை நெருங்கலாம். பழகுவதற்கு அதுதான் இடம். அங்கே இரண்டு மீன் பிடித்துக் கையைத் தேற்றிக்கொண்டு அமைதியான மடுவுக்கு வாருங்கள்.

ஒன்றை மட்டும் தொட வேண்டாம். ஆழமற்ற இடத்தில் பாசியில்லாமல் வெளுப்பாகச் சுத்தம் செய்யப்பட்ட கூழாங்கல் திட்டு தெரிந்தால் அது முட்டையிடும் இடம். ரெயின்போ ட்ரௌட் வசந்தத்தில்தான் முட்டையிடும். அங்கே ஜோடியாக நிற்கும் மீன்கள் பிடிக்க எளிதாகத் தெரியும், விட்டுவிடுங்கள். பிரவுன் ட்ரௌட் இலையுதிர்காலத்தில் இடும், ஆனால் குஞ்சுகள் இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் இன்னும் கல்லுக்குள்ளேதான் இருக்கும். மிதித்தால் போச்சு. முள்ளின் தாடியை (நுனியருகே பின்னோக்கி நிற்கும் கொக்கி) நசுக்கிவிடுங்கள், கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள், நீரைவிட்டு வெளியே எடுக்காமலே கழற்றப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் மரத்தடி மீன். மடுவின் வால் என்பது ஆற்றிலேயே கடினமான இடம். அங்கே நீர் மெல்லிதாகி, வழிந்து விழும் விளிம்பை நோக்கி வேகமெடுக்கும். நீங்கள் கீழே நின்று மேலே வீசும்போது லைன் அந்த வேக விளிம்பில் விழுந்து, ஈ தரையிறங்கிய மறுநொடியே இழுபடுகிறது. மூன்று நாளும் நடந்தது அநேகமாக இதுதான். வால்பகுதியில் ஓரத்தில் நிற்கும் சிறுமீன்களையும் கவனியுங்கள்; அவை பதறி மேலே பாய்ந்தால் பெரியதும் சேர்ந்து போய்விடும்.

நாளை மதியம் 12 மணிவாக்கில், விளிம்புக்குக் கீழே உள்ள உடைந்த நீரில் மண்டியிட்டு, முடிந்தவரை நெருங்குங்கள். அந்தப் படிக்கட்டு போன்ற இறக்கமே உங்களை மறைக்கும். கோலை உயர்த்திப் பிடித்து, லைன் எதுவும் விளிம்பைத் தொடாமல், லீடர் மட்டும் மேலே மடுவில் விழும்படி குறுகிய வீச்சு ஒன்று. அப்படி நெருங்க இடமில்லையென்றால், மேலே தொலைவில் சுற்றிப் போய், கரையோரம் குனிந்து, நரம்பு வளைவு வளைவாக விழும்படி கீழ்நோக்கிப் போட்டு, ஈயை முன்னால் மிதக்கவிடுங்கள். அப்போது மீனிடம் முதலில் போய்ச் சேர்வது ஈ, நரம்பில்லை. 18 எண் எமர்ஜரில் தொடங்குங்கள். மறுபடியும் ஓடிவிட்டால் எழுந்து போய்விடாதீர்கள். அது எந்த வழியாக, எத்தனை நிமிடம் கழித்து, மரத்தின் எந்தப் பக்கம் திரும்பி வந்து நிற்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள்.